சோடா கடை வருமானத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி... யார் இந்த டாக்டர் ரஃபியுதீன் அகமது?

பல் வலிச்சா உடனே போனை எடுத்து, பக்கத்துல எந்த டென்டல் கிளினிக் இருக்குனு தேடுவீங்கதானே? அங்கே இருக்கிறவர் படிச்ச டாக்டர், கருவிகள் சுத்தமா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. ஆனா, 1920-க்கு முன்னாடி இந்தியாவுல அந்த நம்பிக்கைக்கே இடமில்லை. பல் மருத்துவம் சொல்லித்தர ஒரு கல்லூரிகூடக் கிடையாது. தெருவோரத்தில் குறடோடு உட்கார்ந்திருப்பவர்தான் பலருக்கும் பல் டாக்டர்!

ரத்தம் பட்ட ஒரே குறடு, அடுத்தடுத்த வாய்க்குள்ளே போனால் என்ன ஆகும்? ஒருத்தரின் கிருமி இன்னொருத்தருக்கு. ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் பரவுவதும் இப்படித்தான்.

இந்த நிலையை மாற்றக் கிளம்பியவர்தான் ரஃபியுதீன் அகமது. 1890, டிசம்பர் 24 அன்று கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். அலிகாரில் படித்துவிட்டு, அமெரிக்கா போனார். 1915-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம். அடுத்து, பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான ஃபோர்சித் பல் மருத்துவமனையில் வேலை. ஏழைக் குழந்தைகளுக்கும் தரமான பல் சிகிச்சை கொடுக்க முடியும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தார்.

அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா, ஊர் திரும்பினார். 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பணம்? அங்கதான் ட்விஸ்ட். 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை போட்டு, அதில் வந்த காசைக் கல்லூரிக்குக் கொடுத்தார். ஆரம்பத்தில் சேர்ந்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிடலாம். அந்த முதல் தலைமுறை மாணவர்களில் ஒருவர் முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா. 1923-ல் பம்பாயில் சொந்தமா கிளினிக் திறந்தார்.

கல்லூரி மட்டும் போதாதுனு அகமதுக்குத் தெரியும். படிக்காதவரும் குறடு எடுக்கலாம் என்றிருக்கும்வரை மக்களுக்குப் பாதுகாப்பு இல்லையே! இதழ் நடத்தினார், மாணவர்களுக்குப் புத்தகம் எழுதினார், சட்டத்துக்காகப் போராடினார். 1939-ல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1948-ல் நாடு முழுக்க வந்தது. பல் மருத்துவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற முறை அப்படி வந்ததுதான்.

1949-ல், பார்த்துப் பார்த்து வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசிடமே ஒப்படைத்துவிட்டார். பிறகு அமைச்சராகவும் இருந்தார். 1964-ல் பத்மபூஷண். அடுத்த வருடமே மறைந்தார். இன்றைக்கும் கொல்கத்தாவில் அந்தக் கல்லூரி அவர் பெயரில்தான் இயங்குகிறது.

அடுத்த முறை கிளினிக் போகும்போது ரெண்டு விஷயம் பாருங்க. சுவரில் டாக்டரின் பதிவுச் சான்றிதழ் இருக்கா? கருவிகளை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தமான நீராவியில் கிருமி நீக்கம் செய்தாங்களா? கூச்சப்படாம கேளுங்க. அப்படிக் கேட்கும் உரிமைக்குப் பின்னால், ஒரு மனுஷரின் வாழ்நாள் உழைப்பு இருக்கு!