மும்முறை மூடிய கதவு

பாரிசு நகரையடுத்த மெதோன் குன்றின்மீது ஒரே ஒரு சிற்பிக்கென்று சிறியதோர் அருங்காட்சியகம் உண்டு. வெண்சுண்ண வார்ப்புகள் நிறைந்த கூடத்தைக் கடந்து தோட்டத்திற்குச் சென்றால், ‘சிந்தனையாளன்’ என்னும் வெண்கலச் சிலையின் அடியில் அவருடைய கல்லறையைக் காணலாம். அவரே ஒகுய்ஸ்த் ரொதேன். உருவம் வடித்தல் எம் மரபிற்குரிய கலையன்று. ஆயினும் உழைத்து உயர்ந்தவரின் வாழ்வு எவர்க்கும் பாடமாகும்.

1840 நவம்பர் 12ஆம் நாள், காவல்துறை எழுத்தர் ஒருவரின் மகனாகப் பாரிசில் பிறந்தார். அரசு நுண்கலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் மும்முறை தோற்றார். 1862இல் தமக்கை மரியா இறக்கவே, மனமொடிந்து துறவுமடம் புகுந்தார். அங்கிருந்த தலைவர் அவர்தம் கைத்திறம் கண்டு மீண்டும் கலைக்கே அனுப்பினார். பின்னர்ப் பல்லாண்டுகள் பிறர் பட்டறைகளில் அலங்கார வேலை செய்தே பிழைத்தார்.

1877இல் அவர் காட்சிக்கு வைத்த ‘வெண்கலக் காலம்’ சிலையைக் கண்டோர், உயிருள்ள ஆள்மீதே அச்செடுத்தார் எனப் பழித்தனர். 1880இல் அரசே அதனை விலைக்கு வாங்கிற்று. எழுத்தாளர் பால்சாக்கின் சிலையை 1898இல், செய்யச் சொன்ன சங்கத்தாரே ஏற்க மறுத்தனர். அதனை மெதோனுக்கே கொண்டுசென்றார். 1939இல் அது வெண்கலமாய்ப் பாரிசு வீதியில் நின்றது.

குறையற்ற வாழ்வென்று கூறுதற்கில்லை. 1864 முதல் உடனிருந்த ரோசு அம்மையாரை 1917 சனவரியில்தான் மணந்தார். அடுத்த மாதமே அம்மையார் மறைந்தார். அவ்வாண்டு நவம்பர் 17இல் ரொதேனும் மறைந்தார். தம் படைப்புகளையெல்லாம் 1916இலேயே நாட்டுக்கு ஈந்திருந்தார்.

நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்நாளில், சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு ஆடவல்லான் திருமேனியின் ஒளிப்படங்கள் அவர் கைக்குக் கிட்டின. காரைக்காலம்மையார் இறுதியில் சென்றடைந்த ஊர் அத் திருவாலங்காடு. வியந்து அவர் எழுதிய கட்டுரை 1921இல் அச்சேறியது. கள்ளச் சிற்பி எனப் பழிக்கப்பட்டவர், பெயரறியாத் தமிழ்ச் சிற்பியின் உழைப்பை உள்ளவாறு உணர்ந்தார்.

நுழைவுத் தேர்வில் தவறித் தலைகுனிந்து குரும்பகரத்து வயல்வரப்பில் நடக்கும் மாணவச் செல்வமே! தேர்வுத்தாள் அளப்பது அன்றைய நாளை மட்டுமே. ரொதேனை மும்முறை மறுத்த அதே நாடுதான், 1919இல் அவர் பெயரால் பாரிசில் அருங்காட்சியகம் திறந்தது. கதவு மூடலாம், கை ஓயலாகாது.