தொழிலாளர் மந்திரி அம்பேத்கர்



டாக்டர் அம்பேத்கர் என்றவுடன் கோட்டு சூட்டோடு, கையில் அரசியல் சட்டப் புத்தகத்தோடு நிற்கும் சிலைதான் ஞாபகம் வரும். அதற்கு முன்பே அவர் நான்கு வருஷம் தொழிலாளர் மந்திரியாக இருந்தார். நாளைக்கு வேலைக்குப் போகப்போகிற நமக்கு அந்த நான்கு வருஷம்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

1891 ஏப்ரல் 14-ல் மோவ் ராணுவ முகாமில், சுபேதார் ராம்ஜிக்குப் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாத கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொலம்பியா, லண்டன் என்று படித்துப் பட்டங்கள் வாங்கிய பிறகும் பம்பாய் பரேலில், மில் தொழிலாளர்கள் இருந்த ஒண்டிக்குடித்தனத்தில்தான் குடியிருந்தார். அந்த மில்களில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டவர்களைச் சேர்க்க மாட்டார்கள். நூல் அறுந்தால் எச்சில் தொட்டு முடிய வேண்டுமாம், அதனால் தீட்டாம்! மெஷினுக்குக்கூட ஜாதி பார்த்திருக்கிறார்கள்.

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். வேலைநிறுத்த உரிமையை ஒடுக்கும் மசோதா பம்பாயில் வந்தபோது, 1938 நவம்பர் 7-ல் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது. தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்தவர் அவர். ஆனால் போர்க்காலத்தில் பெண்களை மறுபடி சுரங்கத்துக்குள் இறக்க அரசு அனுமதித்ததும் அவர் காலத்தில்தான். அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1946-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 ஆனது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம்.

அதே ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். நிறைவேறுவதற்குள் அவர் பதவி முடிந்துவிட்டது. 1948-ல் ஜெகஜீவன்ராம் தொழிலாளர் மந்திரியாக இருந்தபோது அது சட்டமானது. அரிசி மில், பீடி, கல் உடைப்பு, விவசாயம் என்று சங்கமே இல்லாத வேலைகளுக்கான சட்டம். அதில் 15-வது பிரிவைப் படியுங்கள். நாள்கூலிக்கு வந்த ஆளுக்கு முதலாளி முழுநேரம் வேலை கொடுக்காவிட்டாலும், அந்த ஆளாக மறுத்தால் ஒழிய, முழுநாள் கூலி தர வேண்டும்.

எங்க அம்மா ரைஸ்மில் களத்தில் நெல் காயப்போடுகிறவர். மழை இருட்டினால் மத்தியானமே அனுப்பிவிடுவார்கள், அரைக்கூலிதான். இந்தப் பிரிவை நான் வாசித்துக் காட்டியதும், இதெல்லாம் கவர்மெண்டு வேலைக்காரங்களுக்குடா என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போய்விட்டார்.

இந்துச் சட்ட மசோதாவுக்காக 1951-ல் மந்திரி பதவியை விட்டார் அம்பேத்கர். 1956 அக்டோபரில் நாகபுரியில் பௌத்தம் தழுவி, டிசம்பர் 6-ல் டெல்லியில் காலமானார். 1948 சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் ஊதியச் சட்டத் தொகுப்பு நிறைவேற்றப்பட்டது. அரைநாளில் அனுப்பினாலும் முழுக்கூலி என்ற விதி அதில் 10-வது பிரிவு.