மதுராந்தகத்தில் எம்பெருமானார்

ஸ்ரீபூதத்தாழ்வார் திருவவதரித்த கடல்மல்லையும், நித்திய கல்யாணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருவிடவெந்தையும் கடற்கரைக்கு அணியாய் விளங்க, உள்நாட்டில் மதுராந்தகம் ஸ்ரீராமபிரானால் ஏற்றம் பெற்றது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராயிருந்த பிளேஸ் துரை காண அப்பெருமான் ஏரிக்கரையைக் காத்தருளிய வரலாற்றை இப்பக்கத்தில் அறியாத குழந்தையும் இல்லை. அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே அதே சந்நிதியில் நிகழ்ந்த மற்றொன்றை நினைப்பவர் சிலரே.

ஸ்ரீராமாநுஜர் 1017-ஆம் ஆண்டு, பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரையில், முன்னாள் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஸ்ரீபெரும்பூதூரில் ஆசூரி கேசவ சோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மைக்கும் திருக்குமாரராய் அவதரித்தார். காஞ்சிக்கு அணித்தான திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். குரு சொன்ன பொருள் ஒவ்வாதபோது தம் கருத்தைப் பணிவுடன் விண்ணப்பித்தார், அதுவே அபாயமாயிற்று. கங்கா யாத்திரை என்று அழைத்துச் சென்று வழியிலே அவரை முடித்துவிட யாதவர் எண்ணினார் என்றும், சிறிய தாயாரின் குமாரர் கோவிந்தர் எச்சரித்ததால் விந்தியக் காட்டிலிருந்து தப்பினார் என்றும் குருபரம்பரை கூறும். மீண்டு வந்தவர் எவரையும் பழிக்கவில்லை. திருக்கச்சி நம்பிகளின் சொற்படி தேவப்பெருமாளுக்குச் சாலைக் கிணற்றுத் தீர்த்தம் சுமக்கும் கைங்கரியத்தில் இறங்கினார்.

ஸ்ரீரங்கத்தில் ஆளவந்தார் இவரைத் தம் தர்சனத்துக்கு உரியவராகத் திருவுள்ளம் பற்றி, அழைத்து வரப் பெரிய நம்பிகளை அனுப்பினார. இருவரும் விரைந்து சென்றும், காவிரிக்கரையில் கண்டது ஆளவந்தாரின் சரம திருமேனியைத்தான். வலத் திருக்கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. அவருடைய நிறைவேறாத மனோரதங்களைச் சீடர்களிடம் கேட்டறிந்து, வியாச பராசரர்களின் பெயர் விளங்கச் செய்வதாகவும், நம்மாழ்வாரிடத்து நன்றி காட்டுவதாகவும், பிரம்மசூத்திரத்துக்கு பாஷ்யம் இயற்றுவதாகவும் ராமாநுஜர் பிரதிஜ்ஞை செய்ய, விரல்கள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன என்பர். ஆசாரியரை இழந்த ஆற்றாமையால் அரங்கனையும் சேவியாமல் காஞ்சிக்குத் திரும்பினார்.

பின்னர், பெரிய நம்பிகளை ஆசிரயிக்கும்படி தேவப்பெருமாளின் நியமனம் திருக்கச்சி நம்பிகள் மூலம் கிடைத்தது. ராமாநுஜர் ஸ்ரீரங்கம் நோக்கிப் புறப்பட, நம்பிகளும் இவரை நாடிக் காஞ்சி நோக்கி வர, இருவரும் மதுராந்தகத்தில் சந்தித்தனர். பஞ்ச ஸம்ஸ்காரத்தைக் காஞ்சியில் வரதன் திருமுன்பே செய்யலாம் என்பது நம்பிகளின் எண்ணம். ராமாநுஜர் இசையவில்லை. காவிரிக்கரையில் ஒரு நாழிகையின் அருமையை அறிந்தவரன்றோ! இச்சரீரம் நிலையாதது, இப்பொழுதே அருள வேண்டும் என்று வேண்டினார். ராமன் சந்நிதி மகிழ மரத்தடியிலேயே திருவிலச்சினையும் திருமந்திரமும் பெற்றார்.

பெற்ற பின்னும் வழி நேராக இல்லை. நம்பிகள் காஞ்சியில் தங்கி அருளிச்செயல்களை ஓதுவித்து வந்த ஆறு மாத அளவில், கிணற்றடியில் இரு வீட்டுப் பெண்டிரிடையே குடத்து நீரைப் பற்றி எழுந்த பூசலால், சொல்லாமலே ஸ்ரீரங்கம் திரும்பிவிட்டார். பெரிய காரியங்கள் இத்தகைய சிறு பொருளால் தடைப்படுவது உலகில் புதிதன்று. ராமாநுஜர் இல்லறம் துறந்து துறவறம் பூண்டார். திருவரங்கம் சேர்ந்த பின், ரகஸ்யார்த்தத்துக்காகத் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்ததை யாவரும் அறிவர்.

பாஷ்யத்துக்கு இன்றியமையாத போதாயன விருத்தி காச்மீரத்தில் இருந்தது. கூரத்தாழ்வானுடன் அத்தனை தூரம் சென்று பெற்ற ஓலையை, அங்குள்ளோர் வழிமறித்துப் பறித்துக்கொண்டனர். ராமாநுஜர் மனம் தளர்ந்தபோது, இரவுதோறும் தாம் அதைப் படித்து மனத்தில் தரித்திருப்பதை ஆழ்வான் அடக்கமாய் விண்ணப்பித்தார். பாஷ்யத்தை ராமாநுஜர் சொல்ல ஆழ்வான் எழுதினார். உடன்பாடில்லாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஆத்மா எம்பெருமானுக்கே உரியது என்பதைச் சொல்லாமல் அறிவுடைமையை மட்டும் ராமாநுஜர் லக்ஷணமாகச் சொன்னபோது ஆழ்வான் நிறுத்தினார். முதலில் சினந்தவர் பின்பு ஆராய்ந்து தம்மைத் திருத்திக்கொண்டார். இதை மறைக்காமல் வைத்தது நம் பூர்வர்களின் பெருமை.

சோழ மன்னனால் நேர்ந்த இடரில் வெள்ளுடை தரித்து மேல்நாடு சென்று, திருநாராயணபுரத்தில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தார். அவ்விடரில் ஆழ்வான் கண்ணிழந்தார். மதுராந்தகத்தில் மந்திரம் அருளிய பெரிய நம்பிகள் கண்ணையும் இழந்து பரமபதித்தார். எனினும் ஸ்ரீபாஷ்யம் நிறைவேறிற்று. ஆழ்வானின் குமாரருக்குப் பராசரர் என்று பெயர் விளங்கிற்று. நியமனம் பெற்ற திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி வியாக்கியானம் அருளினார். மடங்கிய விரல் மூன்றுக்கும் கடன் தீர்ந்தது. 1137-இல், 120 பிராயத்தில், உடையவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

மற்றைத் தலங்களில் காஷாயத்துடன் சேவை சாதிக்கும் எம்பெருமானார், மதுராந்தகத்தில் மட்டும் அன்று மந்திரம் பெற்ற கிருஹஸ்தராய் வெண்ணிற ஆடையுடன் சேவை சாதிக்கிறார். மகிழ மரமும் அங்கேயே உள்ளது.