கிளென் கர்ட்டிஸ் சரிதம்

கல்வி என்பது ஏட்டளவில் நிற்பதன்று. கையும் கண்ணும் கருத்தும் ஒருங்கே தொழிற்படும் இடத்தும் அது விளங்கும். இதற்கு அமெரிக்க நாட்டுக் கிளென் கர்ட்டிஸ் என்பாரின் வாழ்க்கை தக்க சான்றாம். நம் சங்கத்துச் சிறார்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படுமெனக் கருதி அதனைச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1878-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், நியூயார்க் மாகாணத்தில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஏரிக்கரை ஊராகிய ஹாமண்ட்ஸ்போர்ட்டில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. செவிப்புலன் இழந்த தங்கையின் கல்வி பொருட்டுக் குடும்பம் ராச்செஸ்டர் நகரில் வாழ்ந்த காலை, புகைப்படத் தொழிற்சாலையில் வேலை செய்தும், மிதிவண்டியேறித் தந்தி கொண்டு சேர்த்தும் பொருளீட்டினார். பின்னர்ப் பிறந்த ஊர் திரும்பி, 1898-இல் லீனா நெஃப் என்னும் நங்கையை மணந்து, மிதிவண்டிக் கடை வைத்தார்.

மிதியாது ஓடும் வண்டி வேண்டுமென்னும் அவா இவரை விடவில்லை. 1901-இல் பஃபலோ நகரினின்று இயந்திர வார்ப்படங்களை அஞ்சல்வழி வருவித்தார். வந்தவை கடைந்து முடிக்கப்படாதவை. அவற்றைக் கடைந்தும் அராவியும் பொருத்தினார். பெட்ரோலை ஆவியாக்கிக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் அவற்றுள் இல்லை. இவர் தளர்ந்தாரல்லர். தக்காளி அடைத்து விற்ற தகர டப்பா ஒன்றினுள் மெல்லிய வலையை வைத்து, அதில் பெட்ரோல் ஊறி ஆவியாகுமாறு செய்துகொண்டார். பெட்ரோல் மிகின் புகை கக்கும். குறையின் இயந்திரம் இருமி நிற்கும். இவ்வளவினை அறிவது கைப்பழக்கத்தாலன்றிப் பிறிதொன்றாலும் ஆகாது.

முதல் இயந்திரம் வலி குன்றியது. பின்னர் வருவித்த பெரியதோ வண்டிக்கு மிகுசுமையாயிற்று. இவ்விரண்டன் குறையும் கண்டறிந்து, எடை குறைந்தும் வலி மிக்கதுமான இயந்திரத்தைத் தாமே வரைந்து செய்தார். அதன் புகழ் பரந்தது. 1904-இல் தாமஸ் பால்ட்வின் என்பாரின் வான்கப்பலை இயக்கியதும் கர்ட்டிஸ் இயந்திரமே.

1907 ஜனவரியில், எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தை இருசக்கரச் சட்டத்தில் ஏற்றி, புளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில் மணிக்கு 136 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டினார். மீண்டும் ஓட்டுகையில் இணைப்பு முறிந்து சட்டம் வளைந்தது, உயிர் தப்பினார். ஆயினும் அவ்வேகம் முறைப்படி ஏற்கப்படவில்லை.

பின்னர் வானூர்தித் துறை புகுந்து, 1908-இல் ஜூன் பக் என்னும் விமானத்தைப் பலர் முன்னிலையில் ஓட்டிப் பரிசு பெற்றார். 1910-இல் ஆல்பனியிலிருந்து நியூயார்க் நகருக்குப் பறந்தார். ரைட் சகோதரரோடு நேர்ந்த உரிமை வழக்கு இவரை நெடுங்காலம் வருத்திற்று. 1930 ஜூலை 23-ஆம் நாள், 52-ஆம் வயதில் காலமானார்.

இதனை எழுதுங்கால் எமக்கொரு நாணம் உண்டாகின்றது. ஒருகால் வகுப்பில் மிதிவண்டி மணியைப் பிரித்துப் பார்த்திருந்த மாணவனைக் கடிந்து, அதனைப் பறித்து வைத்தோம். அவன் அதனை மீளப் பூட்டும் திறத்தைக் காண நாம் நின்றோமல்லேம். தேர்வில் தவறிய சிறுவனைப் பயனிலன் என்று தள்ளுதலும், பட்டறைக் கரி படிந்த கையை இழிவென எண்ணுதலும் நம்மவரிடை இன்னும் ஒழிந்தில. பெற்றோரே, நும் மக்கள் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பராயின் வெகுளற்க. மீளப் பூட்டுமளவும் அருகிருந்து காண்க.