பாதுஷா வீட்டு மருமகள்

அக்பர் பாதுஷாவின் இராஜபுத்திர மனைவியை ஜோதாபாய் என்றே பலரும் சொல்வர். அக்காலத்துச் சரித்திர நூல்களில் அப்பெயர் காணப்படவில்லை. ஆம்பேர் அரசர் பார்மலின் புதல்வியான அவரை 1562-ல் சாம்பர் என்னும் ஊரில் பாதுஷா மணந்தார். ஷரீஅத்தின்படி இம்மணம் எத்தகையது என்பதை ஆலிம்களே சொல்லவேண்டும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பிறந்த வீட்டு வழிபாட்டை விடவேண்டுமென்று பாதுஷா அவரை வற்புறுத்தவில்லை. அரண்மனைக்குள்ளேயே அதற்கு இடமளித்தார். 1569-ல் மகன் பிறந்தார். ஷெய்கு சலீம் சிஷ்தி அவர்களின் பெயரே பிள்ளைக்கு இடப்பட்டது. அவரே பின்னர் ஜஹாங்கீர் பாதுஷா ஆனார். தாயார் மர்யமுஸ் ஸமானி என்னும் பட்டம் பெற்றார்.

அம்மையார் பெரிய வணிகருமாவார். அவருடைய ரஹீமி என்னும் கப்பல் சூரத்திலிருந்து செங்கடலுக்குச் சரக்கும் ஹாஜிகளும் ஏற்றிச் சென்றது. 1613-ல் போர்த்துக்கீசியர் அதைப் பிடித்துக்கொண்டனர். தாயின் கப்பலுக்காக ஜஹாங்கீர் அவர்களுடன் பகைகொண்டார்.

லாகூரில் 1614-ல் கட்டிமுடிந்த பள்ளிவாசல் இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. 1623-ல் காலமான அவர், சிக்கந்தராவில் பாதுஷாவின் கபுருக்குச் சற்றுத் தொலைவில் அடக்கப்பட்டார்.

கண்ணியமாக நடத்தப்பட்ட மருமகளால் ஹாஜிகளுக்குக் கப்பலும் தொழுவோருக்குப் பள்ளியும் கிடைத்தன. வேறு குலத்திலிருந்து வந்த மருமகளைக் குத்திப் பேசும் வீட்டார் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.