லாரி ஓட்டுநரின் மகன் மொக்தார் டஹாரி: காற்பந்து அகாடமிக்குப் பெயர் தந்தவரின் கதை

பகாங் மாநிலத்தின் கம்பாங்கில், நாட்டின் இளம் காற்பந்து ஆட்டக்காரர்களை உருவாக்கும் அகாடமி ஒன்று இருக்கிறது. பையன்கள் அங்கேயே தங்கிப் பள்ளிப்பாடமும் படிக்கிறார்கள், பந்தாடவும் பழகுகிறார்கள். அதன் பெயர் மொக்தார் டஹாரி அகாடமி. மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் மாலையில் பந்து உதைக்கும் நம் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். அகாடமியைத் தெரியும் என்பார்கள், அந்த ஆளைத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்று தாத்தாக்கள்.

1953 நவம்பர் 13இல் கோலாலம்பூரை அடுத்த செத்தாபாக்கில் மொக்தார் பிறந்தார். தகப்பனார் லாரி ஓட்டுநர். வசதி என்று சொல்ல எதுவும் இல்லாத குடும்பம். மொக்தாருக்குப் பதினொரு வயதானபோது குடும்பம் கம்போங் பாண்டானுக்குக் குடிபெயர்ந்தது. கம்பத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றால் பந்துதான். தோட்டத்து லயன்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பந்தும் கொஞ்சம் வெட்ட வெளியும் இருந்தால் போதும், இருட்டும்வரை வீட்டு நினைப்பே வராது.

இப்படி வளர்ந்த பையன் விக்டோரியா கல்விக்கூடத்தில் சேர்ந்தான். கோலாலம்பூரின் பழைய, பெயர்பெற்ற பள்ளி அது. அங்கே பள்ளி அணியில் இடம் கிடைத்தது. பள்ளி அணியிலிருந்து சிலாங்கூரின் இளைஞர் அணி. அந்த நாளில் பர்ன்லி கிண்ணம் என்று மாநிலங்களுக்கிடையே இளைஞர் போட்டி ஒன்று நடக்கும். மாநிலப் பெரிய அணிக்கு அடுத்து யார் வரப்போகிறார் என்று பார்க்க விரும்பியவர்கள் அந்தப் போட்டியைப் பார்த்தார்கள். மொக்தாரையும் அங்கேதான் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மொக்தார் பிறவித் திறமைசாலி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அவருக்கு ஏறுவதற்குப் படிகள் இருந்தன. பள்ளி ஒரு படி, பர்ன்லி கிண்ணம் அடுத்த படி, சிலாங்கூர் அணி அதற்கடுத்தது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் நின்று பார்த்தார். அகாடமி என்ற சொல் புழங்காத காலத்தில் அகாடமியின் வேலையை இந்தப் படிகள்தான் செய்தன.

1972இல் அவர் சிலாங்கூர் பெரிய அணிக்கு வந்தார். அதே ஆண்டில் ஜகார்த்தாவில் இலங்கைக்கு எதிராக நாட்டின் சட்டையை அணிந்து ஆடினார். வயது இன்னும் பத்தொன்பது ஆகவில்லை. அதன்பின் கிண்ணங்களை எண்ணத் தொடங்கினால் பக்கம் போதாது. 1972 முதல் 1986 வரை சிலாங்கூர் பத்து முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வடகொரியாவை 2-1 என்று வென்று மலேசியா வெண்கலம் பெற்றது. சீ விளையாட்டில் 1977இலும் 1979இலும் தங்கம். அனைத்துலக ஆட்டங்களில் அவருடைய கணக்கு 142 ஆட்டம், 89 கோல். ஆடவர் காற்பந்தின் உலகப் பட்டியலில் இன்றும் மேல்வரிசையில் நிற்கும் எண்ணிக்கை அது.

எண்களைவிட இரண்டு ஆட்டங்கள் ஊர் வாயில் நிலைத்துவிட்டன. முதலாவது 1975 மே மாதம் மெர்டேக்கா அரங்கத்தில் நடந்தது. சிலாங்கூரை எதிர்த்து ஆட வந்தது இங்கிலாந்தின் ஆர்செனல். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கிலாந்தின் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்ற குழு. சிலாங்கூர் 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் மொக்தார் அடித்தவை. வெள்ளைக்காரன் ஆட்டத்தை அவனையே எதிர்த்து ஆடி வெல்ல முடியும் என்று அன்று அரங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. வானொலியில் கேட்டவர்களுக்கும் தெரிந்தது.

இரண்டாவது 1978இல். இங்கிலாந்தின் ‘பி’ அணி கோலாலம்பூருக்கு வந்தது. பொறுப்பாளர் பாபி ராப்சன், பின்னாளில் இங்கிலாந்து தேசிய அணியையே நடத்தியவர். ஆட்டம் 1-1. மலேசியாவின் கோல் மொக்தாருடையது. பந்தை எடுத்துக்கொண்டு தனியாளாகத் தடுப்பாட்டக்காரர்களைக் கடந்துபோய் அவர் அடித்த அந்த கோலைப் பற்றி, பார்த்தவர்கள் இன்றும் கையால் வரைந்து காட்டிப் பேசுவார்கள். பருத்த தொடை, குனிந்த ஓட்டம், எந்தத் தொலைவிலிருந்தும் இடிபோல் வரும் உதை. ‘சூப்பர் மொக்’ என்ற பெயர் சும்மா வரவில்லை.

அவர் ஒருவரே அந்த அணி அல்ல. மலாக்கா வாசகர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாட்டின் தற்காப்பு வரிசையில் தூணாக நின்று, அணித்தலைவராகவும் இருந்த சோ சின் ஆன், நம் அலோர் காஜாவில் பிறந்தவர். ‘தவுக்கே’ என்பது அவருக்கு இருந்த செல்லப்பெயர். அவர் பக்கத்தில் சந்தோக் சிங். அவர்களுக்குப் பின்னால் கோல் கம்பத்தில் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர். மொக்தார் பிறந்த அதே 1953இல் பிறந்து, சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் வலையைக் காத்தவர். 1980 ஏப்ரலில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற ஆட்டத்திலும் கம்பத்தில் நின்றவர் அவர்தான். அரசியல் காரணத்தால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால், அந்தக் கூட்டம் மாஸ்கோவைப் பார்க்கவே இல்லை. 2016இல் வந்த ‘ஓலா போலா’ திரைப்படம் அந்தக் கதையிலிருந்து பிறந்தது. அதில் வரும் தமிழ்க் கோல்காவலரைப் பார்த்துக் கண் கலங்கிய ஆறுமுகத்தின் ரசிகர்கள் நம்மிடையே நிறைய உண்டு.

மொக்தார் கோல் அடித்தார், ஆறுமுகம் கோல் விடாமல் காத்தார், சோ சின் ஆன் இருவருக்கும் நடுவே நின்றார். யார் எந்த இனம் என்று தோட்டத்துத் திடலில் யாரும் கேட்கவில்லை. பையன்கள் மூவரில் ஒருவராகத் தங்களைப் பாவித்துக்கொண்டு ஆடினார்கள். கோல் கம்பத்தில் நிற்க ஆள் கிடைக்காத ஊர்களிலும் ஆறுமுகம் காலத்தில் அதற்குப் போட்டி இருந்தது என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு.

இன்னொன்றையும் இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே காற்பந்து தொழில் அல்ல. பாதித் தொழில்முறை லீக் வந்ததே 1989இல்தான். அதற்கு முன் ஆட்டக்காரர்கள் வங்கியிலோ அரசு நிறுவனத்திலோ போலீசிலோ வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். மொக்தாரும் அப்படித்தான். நாடே கொண்டாடிய மனிதர் காற்பந்தால் பணக்காரர் ஆகவில்லை.

1986இல் சிலாங்கூர் ஜொகூரை 6-1 என்று நசுக்கி மலேசியக் கிண்ணத்தை வென்றது. அதோடு மாநில அணியிலிருந்து மொக்தார் விடைபெற்றார். பிறகு குவோங் யிக் வங்கியின் அணியோடு சில காலம் இருந்தார். ஆட்டத்தை முழுவதும் விட மனம் வரவில்லை போலும்.

1988இல் இரண்டு கெட்ட செய்திகள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. டிசம்பர் 18இல் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தார், வயது 35. மற்றொன்று யாருக்கும் தெரியாதது. தொண்டையில் தொல்லை என்று மருத்துவரிடம் போன மொக்தாருக்கு நரம்பு நோய் ஒன்று இருப்பது தெரியவந்தது. மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். கை கால் தளரும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். அன்றும் மருந்தில்லை, இன்றும் முழுக் குணம் தரும் மருந்தில்லை. லண்டன்வரை போய்ப் பார்த்தார்கள். அந்தத் தொடைகளைப் பார்த்துப் பயந்த தடுப்பாட்டக்காரர்கள் எத்தனையோ பேர். அதே உடம்பு இப்படி ஆனதை வெளியே சொல்ல அவர் விரும்பவில்லை. வீட்டாருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. நோயின் சரியான பெயர் பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது 2010இல், அவரைப் பற்றி நேஷனல் ஜியாகிரஃபிக் எடுத்த ஆவணப்படம் வந்தபோதுதான்.

1991 ஜூலை 11இல், சுபாங் ஜெயாவில் உள்ள மருத்துவமனையில் மொக்தார் காலமானார். வயது 37. தாமான் கெராமாட்டில் அடக்கம் நடந்தது.

அவர் பெயரைச் சுமக்கும் அகாடமி வந்தது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்து. 2014இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நாடெங்கும் உள்ள பயிற்சி மையங்களில் சிறு வயதிலேயே பிள்ளைகளைப் பழக்குவது, அவர்களில் சிறந்தவர்களைப் பதிமூன்று வயதிலிருந்து கம்பாங்கில் தங்கவைத்து வளர்ப்பது என்பது ஏற்பாடு. திட்டத்தை நடத்த அழைக்கப்பட்டவர் லிம் தியோங் கிம். இவரும் மலாக்காக்காரர்! மலாக்கா அணிக்கு ஆடி, ஜெர்மனியின் ஹெர்த்தா பெர்லினுக்குப் போய், பிறகு பயர்ன் மியூனிக்கில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தவர். 2018இல் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணம் நம் நாட்டிலேயே நடந்தபோது, உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெறும் கனவு நிறைவேறவில்லை. அவரும் பொறுப்பை விட்டுப் போனார். அதற்காக அகாடமி வீண் என்று சொல்ல மாட்டேன். அந்த அணியில் கோல்களை அடித்துக் குவித்த லுக்மான் ஹக்கீம் பின்னர் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் குழுவுக்குப் போனார். மொக்தார் காலத்தில் இப்படி ஒரு வழி இருந்ததில்லை.

நம் பிள்ளைகளுக்கு அந்த வழி எங்கே தொடங்குகிறது? மொக்தாருக்குத் தொடங்கிய இடத்தில்தான், பள்ளி அணியில். மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றின் பெயரில் இன்னும் ‘தோட்டம்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தோட்டம்தான் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் பட்டணத்துப் பக்கம் போனார்கள், லயனுக்கு முன்னால் இருந்த திடல் புதராயிற்று. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் ஒரே வயதில் பதினொரு பையன்களைத் திரட்டுவதே பெரிய பாடு. அணி இல்லையென்றால் மாவட்டப் போட்டி இல்லை. மாவட்டப் போட்டியில் ஆடாத பையனைத் தேர்வாளர் எங்கே பார்ப்பார்?

ஆசிரியர்கள் சிலர் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். எழுவர், ஒன்பதின்மர் ஆட்டங்களுக்குக் குழு அமைக்கிறார்கள், வார இறுதியில் சொந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பெற்றோர் சனிக்கிழமை காலையை விட்டுக்கொடுத்தால் அவர்களுக்குப் பாதிச் சுமை குறையும். மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது பள்ளியின் வழியாகத்தான். மகனுக்கோ மகளுக்கோ பந்தின் மேல் ஆசை இருந்தால், முதலில் பார்க்க வேண்டியவர் பள்ளியின் புறப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பான ஆசிரியர்.