தங்கம் வென்று ஐந்தாம் ஆண்டில் போர்முனையில் மாண்ட ஜேர்மனியப் படகோட்டி

றைன், நெக்கார் ஆகிய இரு ஆறுகள் சந்திக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது ஜேர்மனியின் மன்ஹைம் நகரம். 1907ஆம் ஆண்டு பிறந்த ஹூகோ ஸ்ட்ரௌஸ் அந்த நகரத்தின் பிள்ளை.

அவர் பெயர் பெற்றது இருவர் படகுப் போட்டியில். திசை பார்த்துச் சொல்ல மூன்றாமவர் எவரும் இல்லாத படகு அது. ஆளுக்கு ஒரேயொரு துடுப்பு. ஒருவர் இடப்பக்கம் வலிப்பார், மற்றவர் வலப்பக்கம் வலிப்பார். ஒருவர் சற்றுப் பலமாக வலித்தாலே படகு மறுபக்கம் திரும்பிவிடும். ஓடுகிறவர்களோ முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். எல்லைக்கோடு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவன் மூச்சு விடுவதைக்கூடத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விளையாட்டு என்றே சொல்லலாம். ஸ்ட்ரௌஸுக்கு அப்படி வாய்த்தவர், அவரை விட ஒரு வயது இளையவரான வில்லி ஐஹோர்ன்.

1936 ஓகஸ்ட் 14. பேர்லினின் கிரூனாவில் ஒலிம்பிக் இறுதிப் போட்டிகள் நடந்தன. கரையில் ஹிட்லரும் வந்து அமர்ந்திருந்தார். 2000 மீற்றர் தூரத்தை இருவரும் 8 நிமிடம் 16.1 செக்கன்களில் கடந்தார்கள். டென்மார்க் மூன்று செக்கன்கள் பின்தங்கி இரண்டாவதாக வந்தது. அன்றைய ஏழு போட்டிகளில் முதல் ஐந்திலும் ஜேர்மனியே வென்றது. தங்கப் பதக்கத்தோடு ஒவ்வொரு வெற்றியாளருக்கும் சட்டியில் வைத்த ஓக் மரக்கன்று ஒன்றும் கொடுக்கப்பட்டது.

அந்தக் கொண்டாட்டத்துக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. யூத விளையாட்டு வீரர்கள் 1933 முதலே ஜேர்மனியக் கழகங்களிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தார்கள். வெளிநாட்டவர் வருகிறார்கள் என்பதற்காக, யூதர்களுக்கு எதிரான அறிவிப்புப் பலகைகளைப் பேர்லின் வீதிகளிலிருந்து அகற்றி வைத்திருந்தது அரசு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1940 ஒக்ரோபரில், ஸ்ட்ரௌஸின் சொந்த ஊரான மன்ஹைமிலிருந்து சுமார் 2000 யூதர்கள் ஒரே நாளில் ரயிலேற்றப்பட்டுத் தென் பிரான்சின் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1941 ஜூனில் ஜேர்மனியப் படைகள் சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்தன. அதே ஆண்டு நவம்பரில் கிழக்குப் போர்முனையில் ஸ்ட்ரௌஸ் கொல்லப்பட்டார். வயது 34. பிறர் மண்ணை ஆக்கிரமிக்கப் போன படையின் சிப்பாயாகத்தான் அவர் இறந்தார். அதை மறைத்து எழுதுவதில் பொருளில்லை. அந்தப் போரில் சோவியத் மக்கள் இழந்த உயிர்கள் இரண்டு கோடிக்கும் அதிகம். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர் என்பதால் ஸ்ட்ரௌஸின் பெயராவது பட்டியல்களில் நிற்கிறது.

அதே நாளில் கிரூனாவில் நால்வர் படகில் தங்கம் வென்ற ஹான்ஸ் மையர் 1943இல் போரில் மாண்டார். மன்ஹைம் நகரமும் தப்பவில்லை. விமானக் குண்டுவீச்சில் அதன் பெரும்பகுதி இடிந்து போனது.

படகில் அவரோடு சேர்ந்து துடுப்பு வலித்த ஐஹோர்ன் போருக்குப் பின்னும் அரை நூற்றாண்டு வாழ்ந்து 1994இல் காலமானார்.